இவர்தான் மேசியா என்று யூத மரபில் எதை வைத்து முடிவு செய்வார்கள்?

#1 வைகைக்கரை

யூத மரபை நன்றாகப் படித்தவர்களிடம் ஒரு நேரான கேள்வி. ஒருவர் எழுந்து "நான்தான் மேசியா" என்கிறார், அல்லது ஊரே சேர்ந்து ஒருவரைக் காட்டுகிறது. ஏற்பதா தள்ளுவதா என்று முடிவுசெய்ய யூதச் சட்டத்தில் வழிமுறை உண்டா? அற்புதம் செய்துகாட்ட வேண்டுமா? தாவீது வம்சம் என்பதை எப்படி நிறுவுவார்கள்? எந்தக் கட்டத்தில் "இவர் இல்லை" என்று கைவிடுவார்கள்?

இன்னொன்று. தமிழில் யூடியூபைத் திறந்தால் சிவப்புக் கிடாரி வந்துவிட்டது, ஆலயம் கட்டப்போகிறார்கள், ஆகவே கடைசி நாள் என்று ஒரே பேச்சு. இது யூதர்கள் சொல்வதா, அவர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வதா?

#2 சுவடிப்பெட்டி

வழிமுறை உண்டு. அதைச் சட்டமாகவே எழுதிவைத்தவர் மைமோனிடிஸ் (1138–1204). யூதர்கள் ரம்பாம் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மிஷ்னே தோரா என்ற அவருடைய சட்டத்தொகுப்பில் 14 நூல்கள். கடைசி நூலின் கடைசிப் பகுதி அரசர்களையும் போர்களையும் பற்றிய சட்டங்கள். அதன் 11, 12ஆம் அதிகாரங்களில்தான் மேசியா வருகிறார். வைத்த இடத்தைக் கவனியுங்கள். அரசனை நியமிப்பது, போருக்கு ஆள் திரட்டுவது, முற்றுகையில் கனிமரத்தை வெட்டாமலிருப்பது என்று போகும் சட்டங்களின் முடிவில் வைத்திருக்கிறார். ரம்பாமுக்கு மேசியா முதலில் ஓர் அரசர்.

நீங்கள் கேட்டது 11:4இல் இருக்கிறது. இரண்டு கட்டமாக வரும்.

முதல் கட்டம்: தாவீதின் வீட்டிலிருந்து ஓர் அரசர் எழ வேண்டும். தாவீதைப்போலத் தோராவில் (மோசேயின் ஐந்து நூல்களில் உள்ள சட்டம்) தோய்ந்து, கட்டளைகளைக் கைக்கொள்பவராக இருக்க வேண்டும். எழுத்துத் தோரா மட்டும் போதாது, அதன் விளக்கமாக வழிவழி வந்த வாய்மொழித் தோராவும் சேர்த்து. இஸ்ரவேலர் எல்லாரையும் அந்த வழியில் நடக்கவைத்து, பழுதுபட்டதைச் சீர்செய்து, ஆண்டவரின் போர்களை நடத்த வேண்டும். இவ்வளவும் இருந்தால் "மேசியா என்ற அனுமானம்" அவருக்கு உண்டு. எபிரேயத்தில் ஹஸாக்கா. மாறாக ஒன்று தெரியவரும்வரை செல்லுபடியாகும் சட்ட அனுமானம் அது, தீர்ப்பு அல்ல.

இரண்டாம் கட்டம்: இதையெல்லாம் செய்து வெற்றிபெற்று, ஆலயத்தை அதற்குரிய இடத்திலேயே கட்டி, சிதறிப்போன இஸ்ரவேலரைக் கூட்டிச் சேர்த்தால், அவர் நிச்சயமாக மேசியா.

தோற்றுவிட்டால், அல்லது கொல்லப்பட்டால்? தோரா வாக்களித்தவர் இவரல்ல என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதனால் அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவதில்லை. இறந்துபோன தாவீது வம்சத்து நல்ல அரசர்களைப் போல அவரும் ஒருவர் என்கிறார் ரம்பாம். தோற்றுப்போன தலைவனை நம்பிய ஒரு தலைமுறையையே குற்றவாளியாக்காமல் காக்கும் வரி இது. இதை விட்டுவிட்டு நிபந்தனைகளை மட்டும் எடுத்துச்சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அற்புதம் பற்றி 11:3 தெளிவு. அரசராகிய மேசியா அடையாளங்கள் காட்டவேண்டும், உலகில் புதியன செய்யவேண்டும், மரித்தோரை எழுப்பவேண்டும் என்று நினைக்காதே என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று இரண்டாம் நூற்றாண்டின் பெரும் அறிஞர் ரப்பி அகிபா. ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய பார் கோக்பாவை மேசியா என்று ஏற்றபோது அவரிடம் எந்த அடையாளமும் கேட்கவில்லை.

12:1இல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும் என்ற ஏசாயா வசனம் உவமை, உலகம் தன் இயல்பிலேயே நடக்கும் என்று எழுதுகிறார். அவர் பிடித்துக்கொள்வது தல்மூதில் (ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பு) வரும் சாமுவேல் என்ற அறிஞரின் கூற்றை: இந்த உலகத்துக்கும் மேசியாவின் நாட்களுக்கும் உள்ள ஒரே வேறுபாடு, அந்நிய அரசுகளுக்கு அடிமைப்பட்டிருப்பது நீங்கும்.

#3 பாளை_வாசகி

சுவடிப்பெட்டி ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது ரம்பாமின் நிலை. அதையே யூத மரபின் ஒரே குரல் என்று வைகைக்கரை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே பக்கத்தின் ஓரத்திலேயே மறுப்பு அச்சாகியிருக்கும். மறுத்தவர் ராவாத், தென் பிரான்சில் வாழ்ந்த ரம்பாமின் சமகாலத்தவர். அவர் எடுத்துக்காட்டுவது பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் 93ஆ (ஏட்டின் முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ). பார் கோசிபா (பார் கோக்பாவேதான்) இரண்டரை வருஷம் ஆண்டார். அறிஞர்களிடம் "நானே மேசியா" என்றார். மேசியா மோப்பத்தாலேயே நியாயம் தீர்ப்பார் என்று ஏசாயா 11:3ஐ வைத்து அவர்கள் சோதித்தார்கள். முடியவில்லை, கொன்றார்கள். அதாவது சோதனை நடந்தது. எருசலேம் தல்மூதில் வேறு மாதிரி: அகிபா அவரைப் பார்த்து "இவரே அரசராகிய மேசியா" என்றபோது, யோகனான் பென் தோர்த்தா "அகிபா, உன் தாடைகளில் புல் முளைத்திருக்கும், அப்போதும் தாவீதின் குமாரன் வந்திருக்கமாட்டான்" என்றாராம். அங்கே அடையாளம் கேட்ட பேச்சு இல்லை. எந்தத் தல்மூதைப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப விதி மாறுகிறது.

ரம்பாமே இன்னோரிடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். 1172 வாக்கில் யேமன் யூதர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், மேசியா தோன்றும்வரை அவர் யார் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது, அவர் காட்டும் அற்புதங்களே அவர் வம்சத்துக்குச் சான்று என்கிறார். யேமனில் அப்போது ஒருவர் மேசியா என்று கிளம்பியிருந்தார். மக்களை அவரிடமிருந்து விலக்க இந்த வாதம் பயன்பட்டிருக்கும். சட்டநூலில் அதை விட்டுவிட்டார்.

எதிர்முனையில் ஹில்லெல் என்ற ஒருவர் (பெயர்பெற்ற முதிய ஹில்லெல் அல்லர்) சன்ஹெத்ரின் 99அவில் "இஸ்ரவேலுக்கு இனி மேசியா இல்லை, எசேக்கியா ராஜாவின் காலத்திலேயே அனுபவித்துவிட்டார்கள்" என்கிறார். கடவுளே நேரடியாக மீட்பார் என்பது அதற்குத் தல்மூதின் உரையாசிரியர் ராஷி தரும் விளக்கம். "அவருடைய எஜமான் அவரை மன்னிப்பாராக" என்று ரவ் யோசேப்பு உடனே கண்டிக்கிறார். எசேக்கியா முதல் ஆலயக் காலம், "உன் ராஜா வருகிறார்" என்று சகரியா சொன்னது இரண்டாம் ஆலயக் காலம், எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். கண்டித்தார்கள், ஆனால் ஏட்டிலிருந்து நீக்கவில்லை.

#4 நாணயப்பித்தன்

பார் கோக்பா பற்றி மண்ணிலிருந்து கிடைத்ததைச் சேர்க்கிறேன். ரோமுக்கு எதிரான கிளர்ச்சி கி.பி. 132 முதல் 135 வரை. அவருடைய உண்மைப் பெயர் சிமியோன் பார் கோசிபா என்பது யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்த கடிதங்களால் உறுதியானது. முதலில் 1950களின் தொடக்கத்தில் முரப்பாத் ஓடையில், பிறகு 1960–61இல் யிகாயேல் யாதின் குழு ஹேவர் ஓடையில் எடுத்தவை.

நாணயங்கள் எல்லாம் ரோம நாணயங்களின் மேலேயே மறுபடி அச்சடித்தவை. சிலவற்றில் சீசரின் முகவரை இன்னும் மங்கலாகத் தெரியும். பெரிய வெள்ளிக் காசின் ஒரு பக்கம் ஆலயத்தின் முகப்பு. வாசகங்களில் "இஸ்ரவேலின் மீட்பு, ஆண்டு ஒன்று" என்று வரும். அவருக்கு இட்ட பட்டம் "நாசி", அதாவது தலைவர். மேசியா என்ற சொல் ஒரு காசிலும் இல்லை, கடிதங்களிலும் இல்லை. அகிபா எண்ணாகமம் 24:17இன் நட்சத்திரத்தை அவருக்குப் பொருத்தினார். அவர் தம்மை அப்படி அழைத்துக்கொண்டார் என்பதற்குத் தல்மூத் கதைதான் உண்டு, கையெழுத்து ஆதாரம் இல்லை.

ஒரு கடிதம் மட்டும் சொல்கிறேன். யூதா பார் மெனாசே என்பவருக்கு அரமேயத்தில் எழுதியது. இரண்டு கழுதைகளை அனுப்பியிருக்கிறேன், பேரீச்ச ஓலையும் எத்ரோக் பழமும் ஏற்றி முகாமுக்கு அனுப்பு, மிருதுச்செடியும் ஆற்றலரியும் கொண்டுவர வேறு ஆட்களை அனுப்பு, தசமபாகம் கழித்துவிடு, முகாமில் ஆட்கள் அதிகம். கூடாரப் பண்டிகைக்கு வேண்டிய நான்கு வகையும் அதில் வந்துவிட்டன. போர் நடக்கும்போது தசமபாகம் கழிக்கச் சொல்கிறார். "கட்டளைகளில் ஈடுபட்டவர், மற்றவரையும் நடக்கவைப்பவர்" என்ற ரம்பாமின் முதல் கட்டத்தைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். ரம்பாம் இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாம் கட்டம் நிறைவேறவில்லை. பெத்தார் கோட்டை 135இல் விழுந்தது. போரில் வெட்டுண்டவர்கள் மட்டும் 5,80,000 பேர் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். எண்ணைக் கூட்டியிருக்கலாம், ஆனால் யூதேயா காலியானது உண்மை. அதன்பின் ரப்பிகள் மேசியா பேச்சில் எவ்வளவு எச்சரிக்கையானார்கள் என்பதை இந்த அழிவோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

#5 வைகைக்கரை

நன்றி. அப்படியானால் காலக்கணக்கு எங்கே வருகிறது? 6000 வருஷம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறதே?

#6 கணக்குப்பிள்ளை

இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

6000 என்பது சன்ஹெத்ரின் 97அ. உலகம் 6000 ஆண்டு: 2000 வெறுமை, 2000 தோரா, 2000 மேசியாவின் நாட்கள். கடைசி 2000 தொடங்கியும் அவர் வராததற்கு நம் பாவங்களே காரணம் என்று அங்கேயே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. யூத ஆண்டிலிருந்து 3760ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும் (யூதப் புத்தாண்டு முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்கு 3761). அப்படியானால் 6000ஆம் ஆண்டு 2239 இலையுதிர்காலத்தில் தொடங்கி 2240இல் முடியும். அது கடைசி எல்லை. அதற்கு முன் எப்போதும் வரலாம் என்பதே பொதுவான புரிதல்.

நாள் குறிக்கும் கணக்குகள் பெரும்பாலும் தானியேல் 12இலிருந்து வரும். 1290 நாள், 1335 நாள் என்ற இரண்டு எண்கள். நாளை வருஷமாக்கு, ஒரு தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடு, கூட்டு. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் நாக்மனிடிஸ் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆலயம் இடிந்தது யூத ஆண்டு 3828. 1290ஐக் கூட்டினால் 5118, அதாவது 1358. 1335ஐக் கூட்டினால் 5163, அதாவது 1403. இரண்டும் வந்தன, போயின. 15ஆம் நூற்றாண்டு உரைகாரர் அபிரவானேல் 1503 என்றார். சோகர் என்ற மறைஞான நூலில் 5408 (1648) என்று ஒரு குறிப்பு. அந்த வருஷம் வந்தது மீட்பு அல்ல, க்மெல்னித்ஸ்கி கிளர்ச்சி. போலந்து–உக்ரைன் யூதச் சமூகங்கள் படுகொலைக்கு ஆளாயின.

கணக்கு எங்கே உடைகிறது? மூன்று இடத்தில். ஒன்று, தொடக்கப் புள்ளி. ஆலய அழிவா, அன்றாட பலி நின்ற நாளா, எகிப்திலிருந்து புறப்பட்டதா என்பதை எண்ணே சொல்வதில்லை. இரண்டு, அடிப்படை ஆண்டுவரிசை. செதர் ஓலாம் என்ற பழைய யூதக் காலவரிசை நூலின் மரபில் இரண்டாம் ஆலயம் நின்றது 420 ஆண்டு. வரலாற்றாசிரியர்கள் கணக்கில் கி.மு. 516 முதல் கி.பி. 70 வரை 585. பாரசீக அரசர்களின் காலம் சுருங்கிப்போனதால் சுமார் 165 ஆண்டு வேறுபாடு. படைப்பு ஆண்டும் ரோம ஆண்டும் கலந்த கணக்கு எதுவானாலும் இந்தப் பிளவில் விழும். மூன்று, எல்லாரும் தம் காலத்துக்குச் சற்று அப்பால் வருமாறு தேர்ந்தெடுக்கிறார்கள்.

தல்மூதே இதைச் சபிக்கிறது. சன்ஹெத்ரின் 97ஆ: முடிவைக் கணக்கிடுவோரின் எலும்புகள் சிதறட்டும். காரணத்தையும் சொல்கிறது. குறித்த நாள் வந்து அவர் வராவிட்டால் "இனி வரவேமாட்டார்" என்று மக்கள் சொல்லிவிடுவார்கள். கணக்கு தவறுவது பற்றி அவர்கள் கவலைப்படவில்லை, எதிர்பார்ப்பு செத்துப்போவது பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

அதே பக்கத்தில் 85 யூபிலி என்ற வாக்கும் இருக்கிறது. 85 பெருக்கல் 50, அதாவது 4250, கி.பி. 490. அந்தக் கடைசி யூபிலியை ஒட்டிய காலத்தில்தான் கிரேத்தா தீவில் மோசே என்ற ஒருவர் கடல் பிளக்கும் என்று சொல்லி மக்களைக் குன்றிலிருந்து குதிக்கவைத்தார். பலர் மூழ்கினார்கள். சபை வரலாறு எழுதிய சாக்ரட்டீஸ் பதிவு செய்திருக்கிறார்.

#7 சுவடிப்பெட்டி

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று: யேமன் கடிதத்தில் ரம்பாமும் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஓர் ஆண்டைச் சொல்கிறார். தீர்க்கதரிசனம் திரும்பும் ஆண்டு என்று. கையெழுத்துப் பிரதிகளைப் பொறுத்து 1210 அல்லது 1216. கணக்கிடாதே என்று அதே கடிதத்திலும் எழுதியவர். துன்பத்தில் கிடந்த சமூகத்துக்கு ஒரு பிடிமானம் கொடுக்கவே எழுதினார் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

#8 பாளை_வாசகி

விதிமுறை இருந்தும் அதை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று சபத்தாய் சேவி. 1626இல் இஸ்மீரில் பிறந்தவர். 1665இல் காசாவின் நாதான் என்ற இளைஞர் இவரே மேசியா என்று அறிவித்தார். பரவியது நாதானின் கடிதங்களால். அவர் கேட்டது ஒன்றே: அடையாளமோ அற்புதமோ கேட்காமல் நம்பு.

ரம்பாமும் அடையாளம் வேண்டாம் என்றார் அல்லவா? பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தலைகீழ். ரம்பாம் அற்புதத்தை விலக்கியது செயலைப் பார்ப்பதற்காக. நாதான் அற்புதத்தையும் விலக்கினார், செயலையும் விலக்கினார், நம்பிக்கையை மட்டும் மீதம் வைத்தார். ஹாம்பர்க்கில் இருந்த ஜேக்கப் சஸ்போர்தஸ் இதைத்தான் பிடித்தார். ரம்பாமின் நிபந்தனைகளில் எது நிறைவேறியது என்று கடிதம் கடிதமாகக் கேட்டார். கூட்டம் மறுபக்கம் இருந்ததால் அவர் குரல் எடுபடவில்லை.

வட ஜெர்மனியில் ஹாமெல்ன் நகரில் ஒரு முதியவர் வீட்டைக் காலிசெய்து ஹில்டெஸ்ஹைமுக்குப் போய், பட்டாணி, பயறு, உலர்ந்த இறைச்சி, துணி என்று கெடாத சாமான்களைப் பீப்பாய்களில் அடைத்து ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். கப்பல் ஏறி எருசலேம் போக. அந்தப் பீப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தன. அவருடைய மருமகள் கிளூக்கெல் இதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

சட்டப் பக்கம் பார்த்தால் எச்சரிக்கை மணி அடித்தது 1666 கோடையில். தம்மூஸ் 17, ஆப் 9 ஆகிய நோன்புகளைச் சேவி ரத்து செய்து விருந்தாக மாற்றினார். பழுதுபட்ட கட்டளையைச் சீர்செய்ய வேண்டியவர் இருக்கும் கட்டளையை உடைக்கிறார். ரம்பாமின் முதல் கட்டத்திலேயே விழுந்தாயிற்று. 1666 செப்டம்பர் 16 அன்று எதிர்னேயில் சுல்தான் முன் தலைப்பாகை அணிந்து முஸ்லிம் ஆனார். 1676இல் உல்சினில் இறந்தார். பெரும்பாலோர் விலகினார்கள். சிலர் அவர் மதம் மாறியதே மறைபொருள் என்று பின்தொடர்ந்தார்கள். சலோனிக்காவின் தோன்மே சமூகம் அப்படி உருவானது.

#9 கணக்குப்பிள்ளை

லுபாவிச் விவகாரத்தையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். லுபாவிச் (சபாத்) என்ற யூத பக்தி இயக்கத்தின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் 1994 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் இறந்தார். சபாத் இயக்கத்தில் எல்லாரும் அவரை மேசியா என்று சொல்வதில்லை. சொல்லும் பகுதியினர் ரம்பாம் 11:4ஐயே எடுத்துக்காட்டுவார்கள். தோராவில் தோய்ந்தவர், உலகமெங்கும் தூதர்களை அனுப்பி யூதர்களைக் கட்டளைகளுக்குத் திருப்பியவர், ஆகவே அனுமானம் பொருந்தும். ரம்பாம் "கொல்லப்பட்டால்" என்றுதான் எழுதினார், இயல்பாக இறந்தால் அனுமானம் போகாது என்பது அவர்கள் வாசிப்பு. கூடவே சன்ஹெத்ரின் 98ஆ: "உயிரோடிருப்பவருள் என்றால் யூதா நாசியைப் போன்றவர், இறந்தவருள் என்றால் தானியேலைப் போன்றவர்."

வாக்கியத்தை முழுதாகப் படித்தால் இது நிற்காது என்பது என் கருத்து. "இவ்வளவுக்கு வெற்றிபெறாவிட்டால், அல்லது கொல்லப்பட்டால்" என்று இரண்டு நிபந்தனை. வேலை முடியாமல் இறப்பது முதல் நிபந்தனையிலேயே அடங்கும். அடுத்த சொற்களும் "இறந்துபோன" தாவீது வம்சத்து அரசர்கள் என்கின்றன. தானியேல் வரிக்கு ராஷி இரண்டு விளக்கம் தருகிறார். இரண்டாவதின்படி அது ஓர் ஒப்புமை மட்டுமே.

அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் மன்றம் 1996இல் தீர்மானமே போட்டது: தாவீதின் குமாரன் பணியைத் தொடங்கி, முடிக்கும் முன் இறந்து, அடக்கமாகி, உயிர்த்தெழுவார் என்ற நம்பிக்கைக்கு யூத மதத்தில் இடமில்லை. நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களுக்கு யூதர்கள் சொல்லிவந்த பதில் இது. அதைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே சொல்லவேண்டி வந்தது.

#10 சுவடிப்பெட்டி

கிடாரி கேள்வி நின்றுபோயிற்று. எண்ணாகமம் 19: பழுதற்ற, நுகத்தடிக்கு உட்படாத சிவப்பான கிடாரி. இது மேசியா வருவதற்கு அடையாளம் அல்ல, சாவுத்தீட்டு நீக்கும் முறை. பிணத்தைத் தொட்டவர், பிணம் இருந்த வீட்டில் இருந்தவர் ஆலயப் பிராகாரத்துக்குள் போக முடியாது. கிடாரியைக் கேதுருக்கட்டை, ஈசோப்பு, சிவப்பு நூலுடன் எரித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும். சாம்பல் இல்லாததால் இன்று எல்லாருமே தீட்டுள்ளவர்கள் என்பதே சட்ட நிலை. ஆலய மலையில் ஏறாதே என்று 1967க்குப் பின் தலைமை ரப்பிகள் பலகை வைத்ததன் அடிப்படையும் இதுதான்.

எங்கே தவறும் என்பதற்கு மிஷ்னாவின் (தல்மூதுக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பு) பாரா பகுதியைப் படியுங்கள். ஒரே மயிர்க்காலிலிருந்து கறுப்போ வெள்ளையோ இரண்டு முடி வந்தால் தள்ளுபடி. வேர் ஒரு நிறம் நுனி ஒரு நிறம் என்றால், வேரைப் பார் என்பது அறிஞர்களின் முடிவு. கொம்பும் குளம்பும் கறுப்பாக இருந்தால் அவற்றை வெட்டிவிடலாம். மேலே பறவை உட்கார்ந்தால் செல்லும். ஆனால் ஓர் ஆள் தன் மேலாடையை அதன் முதுகில் போட்டுவிட்டால் தள்ளுபடி, அது வேலை வாங்கிய கணக்கு. வயதும் மூன்று நான்கு ஆகவேண்டும். அதற்குள் நிறம் மாறிவிடும். 1990களின் நடுவில் கஃபார் ஹசிதீமில் பிறந்து உலகச் செய்தியான கிடாரி வாலில் வெள்ளை முடி வந்து விழுந்தது. 2022 செப்டம்பரில் டெக்சாசிலிருந்து விமானத்தில் வந்த ஐந்தும் இதே சோதனைக்கு உட்பட்டவை.

கிடாரி கிடைத்தாலும் செய்பவர் தீட்டில்லாதவராக இருக்க வேண்டுமே. பழைய எருசலேமில் பாறைமேல், அடியில் வெற்றிடம் விட்டு முற்றங்கள் கட்டியிருந்தார்கள். மண்ணுக்கடியில் தெரியாத கல்லறை இருந்தால் தீட்டு மேலேறாமல் தடுக்க. கர்ப்பிணிகளை அங்கே கொண்டுவந்து பிரசவிக்க வைத்து, குழந்தைகளை அங்கேயே வளர்த்தார்கள். தண்ணீர் எடுக்க சீலோவாவுக்குப் போகும்போது மாடுகளின் முதுகில் கதவுப் பலகைகளை வைத்து, அவற்றின்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். கையில் கல் கிண்ணம். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது.

மேசியாவோடு உள்ள இணைப்பு ஒரே வரி. மோசே முதல் இரண்டாம் ஆலய அழிவுவரை ஒன்பது கிடாரிகள் எரிக்கப்பட்டன, பத்தாவதை அரசராகிய மேசியா செய்வார் என்று ரம்பாம் கிடாரிச் சட்டங்கள் 3:4இல் எழுதுகிறார். மேசியா செய்வார் என்பது வரிசை. கிடாரி வந்தால் மேசியா வருவார் என்பது யூடியூப் வரிசை. கிறிஸ்தவக் கடைசிக்காலப் போதனையில்தான் அது அப்படித் திரும்புகிறது.

#11 நாணயப்பித்தன்

இஸ்ரேல் அரசு பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தல்மூதின் கெத்தூபோத் 111அவில் மூன்று சத்தியங்கள்: இஸ்ரவேலர் மதில்போலத் திரண்டு ஏறக் கூடாது, தேசங்களுக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது, தேசங்கள் இஸ்ரவேலரை அளவுக்குமேல் ஒடுக்கக் கூடாது. சத்மார் என்ற யூத பக்தி இயக்கத்தின் ரப்பி யோயேல் டைட்டல்பாம் இதைச் சட்டமாகவே எடுத்து, மேசியாவுக்கு முன் அரசு அமைப்பது பாவம் என்றார். எதிர்த்தரப்பு, பாலஸ்தீனத்தில் யூதத் தாயகத்துக்கு வல்லரசுகள் ஒப்புக்கொண்ட 1920 சான் ரெமோ முடிவோடு தேசங்களின் அனுமதி கிடைத்துவிட்டது, மூன்றாம் சத்தியத்தைத் தேசங்கள் உடைத்துவிட்டன என்று வாதிடும். 1948இல் தலைமை ரப்பிகள் இயற்றிய அரசுக்கான ஜெபத்தில் "எங்கள் மீட்பின் முதல் துளிர்" என்ற சொற்கள் இருக்கின்றன. சில சபைகள் அந்தச் சொற்களை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்லும். சீர்திருத்த யூதர்கள் 1885 பிட்ஸ்பர்க் அறிக்கையிலேயே ஆலயமும் பலியும் திரும்பும் எதிர்பார்ப்பைக் கைவிட்டு, நீதியும் சமாதானமும் நிறைந்த ஒரு காலத்தைப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

#12 கணக்குப்பிள்ளை

எதிர்பார்ப்பு அன்றாடச் சட்டத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்குத் தல்மூதின் ஏருவீன் 43ஆ. ஒருவர் "தாவீதின் குமாரன் வரும் நாளில் நான் நசரேயன்" என்று பொருத்தனை செய்கிறார். நசரேயன் திராட்சரசம் குடிக்கக் கூடாது. அவர் எப்போது குடிக்கலாம்? ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் குடிக்கலாம், மற்ற நாட்களில் கூடாது. மேசியாவுக்கு முந்தின நாள் எலியா வரவேண்டும் (மல்கியா 4:5). வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் ஏற்பாட்டில் மக்கள் அலைக்கழியக் கூடாதென்று எலியா அன்றைக்கு வரமாட்டார். ஆகவே ஓய்வுநாளில் மேசியா வரமாட்டார். மற்ற எந்த நாளும் சந்தேகத்துக்குரியதுதான். எலியா நேற்றே பெரிய நீதிமன்றத்துக்கு வந்திருக்கலாம், நமக்குத் தெரியாமலிருக்கலாம்.

ரம்பாம் (நசரேயர் 4:11) இன்னும் இறுக்குகிறார். வாரநாளில் பொருத்தனை செய்தவருக்கு அன்று முதல் என்றைக்குமே கூடாது. இன்று வந்திருக்கலாம் என்ற சந்தேகம் விழுந்தவுடன் விரதம் தொடங்கிவிட்டது, பிறகு ஓய்வுநாள் வந்தால் அது நிற்காது.

#13 வைகைக்கரை

இது எல்லாவற்றையும்விடத் தெளிவாக்கியது. கடைசியாக, வம்சக் கேள்வி. ஆவணமே இல்லாதபோது தாவீதின் வீடு, லேவி கோத்திரம் என்று எப்படிப் பிரிப்பார்கள்? வந்தபின் அவருக்கு மரணம் உண்டா?

#14 பாளை_வாசகி

மரணம் உண்டு. மிஷ்னா உரையில், சன்ஹெத்ரின் 10ஆம் அதிகாரத்து முன்னுரையில், ரம்பாம் நேராகவே எழுதுகிறார்: மேசியா இறப்பார், மகன் ஆள்வார், பேரன் ஆள்வார். ஆயுள் நீளும், ஏனென்றால் கவலை குறையும். அற்புதம் எதையும் அவர் அதில் சேர்க்கவில்லை.

வம்சத்துக்கு மெலாகிம் (ரம்பாமின் அரசர் சட்டங்கள்) 12:3. அரசு நிலைத்தபின் பரிசுத்த ஆவியால் மேசியா ஒவ்வொருவரும் எந்தக் கோத்திரம் என்று சொல்வார், லேவியரை முதலில். அவருடைய சொந்த வம்சத்தை எப்படி நிறுவுவது என்பதற்கு சட்டநூலில் தனி விதி இல்லை. வேலை முடிந்தால் கேள்வியும் முடிந்தது என்றே வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கோத்திரம் பிரிக்கும்போது ஒன்றைச் செய்யமாட்டார் என்று ரம்பாம் தெளிவாக எழுதுகிறார்: முறையான பிறப்பு என்று சமூகம் ஏற்றிருக்கும் யாரையும் இவர் முறைகேடாகப் பிறந்தவர், இவர் அடிமை வழி வந்தவர் என்று வெளியே சொல்லமாட்டார். கலந்துவிட்ட குடும்பம் கலந்ததுதான், அதுவே சட்டம்.